விசாவில் ஐந்து மாதம் இருக்கிறது. அம்மா ஐந்து மாதமும் தங்கலாமா?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் 32 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரும் கணவரும் நிரந்தரவாசிகள். இருவரிடமும் இந்தியக் கடப்பிதழ். தலைப்பிரசவம், அடுத்த மாதக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கும் 61 வயது அம்மாவை வரவழைத்து, மூன்று மாதமாவது உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம்.

ஊரிலுள்ள ஒரு முகவர் விசா வாங்கிக் கொடுத்துவிட்டார். பலமுறை வந்து போகும் விசா, இன்னும் ஐந்து மாதம் செல்லும். ஆனால் படிவத்தில் வருகையின் நோக்கம் சுற்றுலா என்றும், தங்குமிடம் லிட்டில் இந்தியாவில் ஒரு ஹோட்டல் என்றும் அவரே எழுதியிருக்கிறார். விசா வந்த மறுநாள் அந்த ஹோட்டல் முன்பதிவை ரத்தும் செய்துவிட்டார். "மகள் பிரசவத்துக்கு என்று சொன்னால் வீட்டு வேலைக்கு வருவதாக நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மெர்லயன், செந்தோசா பார்க்க வந்தேன் என்றே சொல்லச் சொல்லுங்கள்" என்பது அவருடைய அறிவுரை. சிங்கப்பூர் வருகை அட்டை போட்டுத் தரத் தனிக் கட்டணமும் கேட்கிறார்.

வாசகியின் கேள்விகள்: விசாவில் உள்ள ஐந்து மாதமும் அம்மா தங்கலாமா? 30 நாள்தான் கொடுத்தால், தோழிகள் சொல்வதுபோல எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கு ஒருநாள் போய்த் திரும்பிப் புதிதாக 30 நாள் வாங்கலாமா? எதிர்வீட்டுக்காரர் தம் இரண்டு வயதுப் பிள்ளையையும் பகலில் பார்த்துக்கொண்டால் மாதம் 800 சிங்கப்பூர் வெள்ளி தருவதாகச் சொல்கிறார், ஒத்துக்கொள்ளலாமா? போதாக்குறைக்கு, அம்மாவின் கடப்பிதழில் இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருப்பது அவரைத் தூங்கவிடவில்லையாம்.

அன்புள்ள வாசகிக்கு,

இசிஆரை முதலில் முடித்துவிடுவோம். அது வேலைக்காகச் சில குறிப்பிட்ட நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு இந்திய அரசு வைத்திருக்கும் கட்டுப்பாடு. அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. உங்கள் அம்மா வேலைக்கும் வரவில்லை. இதற்காக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வருகை அட்டைக்கும் அப்படித்தான். குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் இணையத்தளத்திலோ செயலியிலோ நீங்களே இலவசமாகப் போடலாம். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது ஆணையத்தின் தளம் அல்ல.

இப்போது எனக்குக் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன்.

முகவர் எழுதிய பொய்

மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, அம்மா பார்க்க வருகிறார். இதைவிட இயல்பான, நம்பத்தகுந்த காரணம் ஒன்று இருக்க முடியுமா? உறவினரைப் பார்க்க வருவது குறுகிய கால வருகைக்கு முழுக்கப் பொருத்தமான நோக்கம். சொந்த மகள் வீட்டில் சம்பளமில்லாமல் பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வதை யாரும் வேலை என்று சொல்லப் போவதில்லை. மறைக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றை மறைத்து, நல்ல விண்ணப்பத்தைச் சந்தேகத்துக்குரிய விண்ணப்பமாக ஆக்கியிருக்கிறார் உங்கள் முகவர்.

கவுண்டரில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கே தங்குகிறீர்கள் என்று அதிகாரி கேட்கிறார். அம்மா சொல்லிக்கொடுத்தபடி ஹோட்டல் பெயரைச் சொல்கிறார். முன்பதிவு இருக்கிறதா என்று பார்த்தால் இல்லை. கைப்பையில் உங்கள் ஈசூன் முகவரி எழுதிய துண்டுச்சீட்டு, பெட்டியில் பச்சிளங்குழந்தைக்குப் பழந்துணியும் வசம்பும். மெர்லயன் பார்க்க வந்தவர் பெட்டியில் வசம்பு எதற்கு? அடுத்த கேள்வி கடுமையாகத்தான் வரும்.

குடிநுழைவுச் சட்டப்படி விசாவோ பாஸோ பெறுவதற்காகப் பொய்த் தகவல் தருவது குற்றம். 4,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். படிவத்தை நிரப்பியது முகவராக இருந்தாலும் விண்ணப்பம் உங்கள் அம்மா பெயரில்தான் இருக்கிறது. "எனக்குத் தெரியாது, ஏஜெண்ட் எழுதினார்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த விளக்கத்தை 61 வயதில் ஒரு விசாரணை அறையில் உட்கார்ந்து அவர் சொல்ல நேரக் கூடாது.

ஆகவே இந்த வாரமே நீங்கள் செய்ய வேண்டியவை: முகவரிடம் விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உள்ளூர்த் தொடர்பாளர் என்று யாருடைய பெயரைக் கொடுத்தார் என்று பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் அதுவும் சரிசெய்ய வேண்டிய விஷயம். பிறகு ஆணையத்தின் இணையத்தளத்தில் உள்ள, கேள்வி அனுப்பும் படிவம் வழியாக, விசா எண்ணைக் குறிப்பிட்டு, தங்குமிடம் உங்கள் வீடு, நோக்கம் மகளின் பிரசவம் என்று எழுதித் தெரிவியுங்கள். விளக்கம் நீளமாக வேண்டாம், நான்கு வரி போதும். புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னால் விண்ணப்பித்துவிடுங்கள். கட்டணம் 30 வெள்ளி. உங்களுக்கு இது தெரியாமல் போனதுதான் வருத்தம்: 21 வயது நிரம்பிய நிரந்தரவாசி என்ற முறையில், அரசாங்க மின்னிலக்க அடையாளமான உங்கள் சிங்பாஸை வைத்துக்கொண்டு அம்மாவுக்கு நீங்களே விசா கேட்டிருக்கலாம். முகவரே தேவைப்பட்டிருக்காது.

வருகை அட்டையில் உங்கள் வீட்டு முகவரியையே போடுங்கள். அதில் மறுபடியும் ஹோட்டலை எழுதினால் இரண்டாவது பொய், அதுவும் இந்த முறை தெரிந்தே சொன்னது.

விசா வேறு, தங்கும் அனுமதி வேறு

உங்கள் கடிதத்தின் முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: தங்க முடியாது.

விசாவில் இருக்கும் தேதி, அந்தத் தேதிக்குள் சிங்கப்பூர் வாசலுக்கு வந்து நிற்கலாம் என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே விடுவதா, எத்தனை நாள் விடுவது என்பதைச் சாங்கி விமான நிலையத்தில் இருக்கும் குடிநுழைவு அதிகாரி முடிவு செய்து விசிட் பாஸ் தருவார். இந்தியக் கடப்பிதழில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் 30 நாள். கூடவோ குறையவோ கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. இப்போது கடப்பிதழில் முத்திரை குத்துவதில்லை. வருகை அட்டையில் கொடுத்த மின்னஞ்சலுக்கு இ-பாஸ் வரும். தங்கக்கூடிய கடைசி நாள் அதில் தெளிவாக இருக்கும். அதனால் அந்த இடத்தில் முகவரின் மின்னஞ்சலைப் போட்டுவிடாதீர்கள், உங்களுடையதைப் போடுங்கள். இப்படித் தேதி தெரியாமல் உட்கார்ந்திருந்து மாட்டிக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, 30 நாள் என்பது ஒரு மாதம் அல்ல. 31 நாள் உள்ள மாதத்தில் "அதே தேதிக்கு" டிக்கெட் போட்டால் ஒருநாளாவது அதிகமாகிவிடும்.

அந்தக் கடைசி நாளைத் தாண்டினால் குற்றம். 90 நாளுக்கு உட்பட்டு அதிகமாகத் தங்கினால் 4,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதற்கு மேல் போனால் சிறையோடு ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு. பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி கிடையாது. உங்கள் நிலை இன்னும் மோசம். அனுமதி முடிந்தவர் என்று தெரிந்தே வீட்டில் வைத்திருந்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டாண்டு வரை சிறை, 6,000 வெள்ளி வரை அபராதம். நிரந்தரவாசத் தகுதியை வைத்துக்கொண்டு இந்தச் சூதாட்டம் வேண்டாம். "அம்மாதானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்ற வரி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள்.

சாங்கியில் அம்மா

கடப்பிதழில் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வந்திறங்கும் நாளில் ஆறு மாதம் இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த மாதத் தொடக்கத்தில் வந்தால் ஒட்டிப் பிடித்தமாதிரி சரியாக இருக்கும்; பிரசவம் முடிந்து மெதுவாக வரட்டும் என்று தள்ளிப்போட்டால் கதை மாறிவிடும். தள்ளிப்போடுவதானால் முதலில் கடப்பிதழைப் புதுப்பித்து, பிறகு புது எண்ணுக்கு விசா வாங்குங்கள். 2026 ஜனவரி 30 முதல், நுழைவுத் தகுதி இல்லாதவரை விமானத்திலேயே ஏற்ற வேண்டாம் என்று ஆணையமே விமான நிறுவனங்களுக்கு உத்தரவிடும் ஏற்பாடும் வந்துவிட்டது. ஆக, கோளாறு இருந்தால் திருச்சியிலேயே நின்றுவிடுவார்.

அம்மாவின் கைப்பையில், பெட்டியில் அல்ல, கைப்பையில், இவை இருக்கட்டும்: விசாவின் அச்சுப்பிரதி, திரும்பும் டிக்கெட், புளோக் எண்ணும் வீட்டு எண்ணும் சேர்த்து எழுதிய உங்கள் முகவரி, உங்கள் இருவர் கைப்பேசி எண், நீங்கள் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம், பிரசவ நாள் குறித்த மருத்துவமனைக் கடிதத்தின் நகல். செலவுக்குப் பணம் இருக்கிறதா என்றும் கேட்கலாம். மகளும் மருமகனும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று உங்கள் கடிதத்திலேயே இருந்தால் நல்லது.

அப்புறம், அம்மாவுக்கு எதையும் மனப்பாடம் செய்யக் கொடுக்காதீர்கள். யார் வீட்டுக்கு, எதற்கு, எப்போது திரும்புகிறார் என்ற மூன்றுக்கும் அவரே தன் வாயால் பதில் சொல்லட்டும். தமிழ் இந்த நாட்டின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று, தமிழிலேயே பேசட்டும். காட்டு வேலை செய்த கையில் ரேகை தேய்ந்திருந்தால் விரல்பதிவு எந்திரம் எடுக்காமல் அடம்பிடிக்கும். தனியாக ஓர் அறைக்கு அழைத்துப் போனாலும் அது உடனே திருப்பி அனுப்புவதாக ஆகாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பயந்து போய் முகவர் சொன்ன பொய்யை அவர் எடுத்துவிட்டால்தான் சிக்கல். ஒருவேளை நுழைவு மறுக்கப்பட்டால் அங்கே நின்று வாதாடிப் பயன் இல்லை. அது அதிகாரியின் விருப்புரிமை. வந்த விமான நிறுவனமே திருப்பி அழைத்துப் போகும்.

மூன்று மாதத்துக்கு வழி

இருக்கிறது, ஆனால் உத்தரவாதம் இல்லை. அனுமதி முடிவதற்கு நன்றாக முன்பே ஆணையத்தின் இணையச் சேவையில் நீட்டிப்புக் கேட்கலாம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், சிசேரியன் ஆனால் மருத்துவர் கடிதம் இவையெல்லாம் கைகொடுக்கும். கிடைத்தாலும் பொதுவாக நுழைந்த நாளிலிருந்து மொத்தம் 89 நாள் வரைதான். விண்ணப்பம் போட்டாயிற்று என்பதே தங்குவதற்கு அனுமதி ஆகிவிடாது. கடைசி நாள் வரை பதில் வராவிட்டால் ஆணையத்தை நேரடியாகக் கேளுங்கள், சும்மா இருந்துவிடாதீர்கள்.

நீண்டகால விசிட் பாஸ் என்று ஒன்று உண்டு. நிரந்தரவாசிகளின் பெற்றோரும் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கணக்கில் அம்மாவை உடன் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதுதான் நேர்வழி. ஆனால் அடுத்த மாதப் பிரசவத்துக்குள் அது கைக்கு வரும் என்று நம்பித் திட்டம் போட வேண்டாம்.

என்னைக் கேட்டால், அம்மா 30 நாள்தான் இருப்பார் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள். நீட்டிப்பு வந்தால் லாபம். பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்பே வரவழைத்து நாளை வீணாக்காதீர்கள். ஒரு வாரம் முன்னால் போதும். ஆனால் அப்படி வந்தால் கடப்பிதழின் ஆறு மாதக் கணக்கு இடிக்கலாம், இடித்தால் மேலே சொன்னபடி முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள். அவர் ஊர் திரும்பும்போது மாமியார் வரலாம், அவருக்குத் தனி விசா. இரண்டு சம்பந்திகளும் ஒரே மூன்றறை வீட்டில் ஒரே நேரத்தில் இருப்பதைவிட இது நல்லது என்பது சட்ட ஆலோசனை அல்ல, அனுபவ ஆலோசனை.

ஜொகூர் பாரு யோசனை

மலேசியா 2026 இறுதி வரை இந்தியக் கடப்பிதழுக்கு விசா இல்லாமல் 30 நாள் தருகிறது, அதனால்தான் இந்த யோசனை இவ்வளவு பிரபலம். அங்கே நுழைய அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டையையும் போட வேண்டும், அது கஷ்டமில்லை. கஷ்டம் திரும்பி வரும்போது. பலமுறை வரும் விசா இருப்பதால் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக் கவுண்டர் வரை அம்மா வரலாம்; அங்கே புதிதாக 30 நாள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நேற்று வரை 29 நாள் இங்கே இருந்தார், இன்று காலை போய் மாலை திரும்புகிறார் என்பது அதிகாரியின் திரையில் தெரியும். சிலருக்குக் கிடைக்கிறது, உண்மைதான். கிடைக்காதவர்கள் அதைப் பற்றித் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. மறுத்துவிட்டால் அம்மா மலேசியாப் பக்கம் நிற்பார், மருந்தும் துணிமணியும் ஈசூனில் இருக்கும், நீங்கள் கைக்குழந்தையோடு இருப்பீர்கள். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஜொகூர் போகிறார் என்றால் தாராளமாகப் போகட்டும். நாள் வாங்குவதற்காகவே போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எதிர்வீட்டு 800 வெள்ளி

வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். விசிட் பாஸில் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டப்படி அனுமதியின்றி வேலை செய்பவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வேலை கொடுத்த அண்டைவீட்டாருக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரொக்கமாக வாங்கினாலும் அங்பாவ் என்ற அன்பளிப்பு உறையில் வைத்துக் கொடுத்தாலும் சம்பளம் சம்பளம்தான். அவர் நல்லெண்ணத்தோடு கேட்டிருப்பார், அவருக்கும் இந்த ஆபத்து தெரிந்திருக்காது. நீங்களே சொல்லிவிட்டால் நட்பு கெடாது.

பெட்டியில் எது வேண்டாம்

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஊரிலிருந்து வரும் அம்மாக்களின் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குருமாவுக்குக் கசகசா கொண்டு வர வேண்டாம். அதில் அபினின் கூறுகள் இருக்கக்கூடும் என்பதால் போதைப்பொருள் சட்டம் குறுக்கே வரும். வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் வெற்றிலையோடு புகையிலை வரக் கூடாது, மெல்லும் புகையிலை இங்கே தடைசெய்யப்பட்ட பொருள். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல், மூன்று மாத அளவுக்குள் கொண்டு வரலாம். தூக்க மாத்திரை, கொடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படும், கேட்டுக்கொண்டு வையுங்கள். பிரசவ லேகியம் கொண்டு வந்தால் பெயர்ச்சீட்டு ஒட்டிய கடை டப்பாவில் வரட்டும், ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்த கறுப்பு உருண்டைக்கு யாரும் விளக்கம் சொல்ல முடியாது.

பயணக் காப்புறுதி கட்டாயமில்லை. இருந்தாலும் எடுங்கள். வருகையாளருக்கு இங்கே மருத்துவமனைச் சலுகை எதுவும் கிடையாது, முழுக் கட்டணம்தான். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் சேர்த்துத் தரும் திட்டமா என்று பார்த்து வாங்குங்கள், பெரும்பாலானவை தருவதில்லை.

பேரப்பிள்ளைக்கு என்று அம்மா தங்கத்தில் காப்போ செயினோ வாங்கி வருவார், தடுக்க முடியாது. அவர் அணிந்திருக்கும் சொந்த நகைக்குப் பிரச்சினை இல்லை. புதிதாக வாங்கி வரும் பொருள்களுக்கு, 48 மணிநேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்து வருபவருக்கு 500 வெள்ளி வரைதான் பொருள் சேவை வரிச் சலுகை. இன்றைய விலையில் ஒரு பவுனே அதைத் தாண்டிவிடும். அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 9 விழுக்காடு வரி. கடை ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்க் கட்டிவிடச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.